திரும்பி வந்து நன்றி கூறியவர்



லூக்கா நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளர் குணம்பெறும் நிகழ்வை நாம் நன்கறிவோம். நலமடைந்தவர் பதின்மர். திரும்பி வந்து இயேசுவின் காலடியில் விழுந்து நன்றி கூறியவரோ ஒருவர் மாத்திரமே. அவரும் யூத மக்களால் தம்மவராகக் கருதப்படாத ஒரு சமாரியர். அந்தச் சமாரியரை நினைவூட்டும் ஒருவரது வாழ்வை இவ்வாரம் நாம் சிந்திப்போம். அவர் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஜாஸ் இசைக் கலைஞர் ஜோன் கொல்ட்ரேன்.

1926 செப்டெம்பர் 23ஆம் திகதி வட கரோலினா மாநிலத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஒரு மெதடிஸ்த போதகர். ஆகவே ஆலயப் பாடலும் மறையுரையும் சிறுவயதிலேயே அவரது செவியில் நிறைந்திருந்தன. அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது தந்தையும் பாட்டன் பாட்டியும் சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து மறைந்தனர். துயரம் சூழ்ந்த அந்த வீட்டில் சிறுவனுக்குத் துணையாயிருந்தது இசைக்கருவியே.

1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி அவர் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். அன்றுதான் ஹிரோஷிமாமீது அணுகுண்டு வீசப்பட்டது. நமது திருச்சபை ஆண்டவரின் உருமாற்ற விழாவைக் கொண்டாடும் நாளும் அதுவே. சில நாட்களில் ஜப்பான் சரணடைந்தது. பயிற்சி முடித்த இளைஞர் ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ள் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டார்.

அங்கிருந்த முகாமில் ‘மெலடி மாஸ்டர்ஸ்’ என்னும் இசைக்குழு இயங்கியது. அதிலிருந்தவர்கள் அனைவரும் வெள்ளையர். கடற்படையில் இனப்பாகுபாடு நிலவிய காலம் அது. கொல்ட்ரேனின் திறமையை அறிந்த குழுவினர் அவரைச் சேர்த்துக்கொண்டனர். எனினும் மேலதிகாரிகள் அறியாதிருக்கும்பொருட்டு, அவர் ‘விருந்தினராக’ மட்டுமே வாசித்தார். இசைஞருக்குரிய பதவி அவருக்கு இருக்கவில்லை. வாசிக்காத வேளைகளில் சமையற்கூடத்திலும் காவற்பணியிலும் ஈடுபட்டார். ஆயினும் சேவைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் குழுவை வழிநடத்தும் நிலைக்கு அவர் உயர்ந்திருந்தார். அவரது முதல் ஒலிப்பதிவும் 1946 ஜூலையில் கடற்படைத் தோழருடன் அங்கேயே நிகழ்ந்தது.

அடுத்த மாதம் படையிலிருந்து விடுபட்டு பிலடெல்பியாவுக்குத் திரும்பிய அவர், முன்னாள் படைவீரருக்கான அரச உதவியுடன் இசை பயின்றார். திறமை வளர்ந்தது, கூடவே ஹெரோயினும் மதுவும் அவரைப் பற்றிக்கொண்டன. 1955இல் மைல்ஸ் டேவிஸின் புகழ்மிக்க குழுவில் இடம் கிடைத்தது. 1957இல் போதைப் பழக்கத்தின் காரணமாகவே அவ்விடத்தை இழந்தார். பேரும் பணியும் பறிபோன நிலையில் அவர் தாயின் வீட்டை நாடினார். ஓர் அறையில் தங்கி, தாயும் மனைவியும் அருகிருக்க, மருந்தின்றி அந்த வேதனையைத் தாங்கி ஹெரோயினைக் கைவிட்டார்.

அன்பார்ந்தவர்களே, அவர் இதனைத் தமது மனவுறுதியின் வெற்றியாகக் கூறவில்லை. இறையருளால் அவ்வாண்டில் தமக்கு ஓர் ஆன்மிக விழிப்பு ஏற்பட்டதாகவும், அதற்கு நன்றியாகத் தமது இசையால் பிறரை மகிழ்விக்கும் வரத்தை வேண்டியதாகவும் பின்னர் எழுதினார். அதன்பின்னும் தாம் அப்பாதையிலிருந்து விலகிய காலம் உண்டென்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அவரது முதல் மணவாழ்வும் முறிந்தது. மனமாற்றம் ஒருநாளில் முடிந்துவிடும் காரியமல்ல என்பதற்கு அவரது வாழ்வே சான்று.

1964 டிசெம்பர் 9ஆம் திகதி நியூ ஜேர்சியில் ‘எ லவ் சுப்றீம்’ என்னும் இசைப்படைப்பை அவர் ஒலிப்பதிவு செய்தார். ‘உன்னத அன்பு’ என்பது அதன் பொருள். அதனை இயற்றி முடித்து வீட்டின் மேல்மாடியிலிருந்து வந்தவர், மலையிலிருந்து இறங்கிய மோசேயைப் போல் காட்சியளித்ததாக அவருடைய மனைவி அலிஸ் நினைவுகூர்ந்துள்ளார். ஏறக்குறைய 33 நிமிடங்கள் நீளும் இப்படைப்பின் நான்காம் பகுதிக்கு ‘திருப்பாடல்’ என்றே பெயர். அவர் எழுதிய நன்றி மன்றாட்டொன்றை அப்பகுதியில் சக்ஸபோன் அசை அசையாக இசைக்கிறது. சொல் ஒன்றும் ஒலிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு சுரமும் ஒரு சொல்லைத் தாங்கி நிற்கிறது. அன்று வெறும் விருந்தினராக ஒதுங்கி நின்று வாசித்தவர், இப்போது இறைவன் திருமுன் தமது சொந்தக் குரலில் பேசினார்.

1966 ஜூலையில் அவர் ஜப்பானுக்குச் சென்றார். நாகசாகியில் அணுகுண்டுக்குப் பலியானோரின் நினைவிடத்தில் நின்று செபித்தார். அக்குண்டு வெடித்தது தலைமுறை தலைமுறையாக விசுவாசம் காத்த கத்தோலிக்கர் வாழ்ந்த உரக்காமி பகுதியில் அல்லவா! அணுயுகம் தொடங்கிய நாளில் கடற்படைச் சீருடை ஏற்றவர், இருபத்தொரு ஆண்டுகளின்பின் அதே நாட்டில் தலைகுனிந்து நின்றார். எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறீர்கள் என அங்கு செய்தியாளர்கள் வினவியபோது, புனிதராக விரும்புவதாகப் பதிலளித்தார். மறு ஆண்டு, 1967 ஜூலை 17ஆம் திகதி, ஈரல் புற்றுநோயால் நாற்பதாவது வயதில் காலமானார்.

அவர் நமது திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். பல சமயங்களிலும் இறைவனைத் தேடியவர். ஆயினும் நன்றியுடன் திரும்பி வந்த சமாரியரை இயேசு புறக்கணிக்கவில்லையே!

உங்கள் வீட்டிலும் மதுவுக்கோ போதைக்கோ அடிமையான ஒரு மகன் இருக்கக்கூடும். அயலவர் அறியாவண்ணம் கண்ணீர் வடிக்கும் தாயாக நீங்கள் இருக்கக்கூடும். கொல்ட்ரேன் விழுந்தபோது அவருக்கு அடைக்கப்படாத கதவு தாயின் வீட்டுக் கதவே. உங்கள் கதவையும் அடைத்துவிடாதீர்கள். மருத்துவரின் உதவியை நாட வெட்கப்படவும் வேண்டாம். அவன் மீண்டும் சறுக்கினாலும் மனந்தளராதீர்கள்.

நீங்களே அத்தகைய தளையிலிருந்து விடுதலை பெற்றவராயின், அந்த ஒருவரைப் போல் திரும்பி வாருங்கள். பாடத் தெரிந்தவர் பாடலாலும், உழைக்கத் தெரிந்தவர் உழைப்பாலும் நன்றி கூறலாம். குணமாக்கிய ஆண்டவர் நமது நன்றியை ஏற்று, இன்னும் தளையுண்டிருக்கும் நம் பிள்ளைகளையும் விடுவிப்பாராக. ஆமென்.