புயலுக்குப் பின் பிறந்தகம்

"புயல் கரையைக் கடந்துவிட்டது" என்று செய்தி வந்ததும், பட்டணத்தில் இருக்கும் நமக்கெல்லாம் ஒரு நிம்மதி. பால் வந்துவிட்டது, மின்சாரம் வந்துவிட்டது, குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. ஆனால் ஊரிலிருக்கும் அம்மாவின் கைப்பேசி மட்டும் பேச மறுக்கிறது. அந்த ஒரு நாள் பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு அடுப்பில் இருப்பது பாலா, சாம்பாரா என்றே தெரியாது அல்லவா?

உங்கள் பிறந்தகம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர்ப் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம், மேலே ஓடு. அதில் அம்மா ஒருத்தி. அந்தப் பக்கத்துக்குப் புயல் புதிதல்ல. 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னைக்கு அருகே கரை ஏறியது. 2020 நவம்பர் 25 இரவில் நிவர் புதுச்சேரிக்கு அருகே வந்தது. 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் மாமல்லபுரத்தை ஒட்டியே கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரை ஏறியதென்னவோ ஆந்திராவின் பாபட்லாவில்தான். ஆனாலும் நம்மை முழுக்காட்டிவிட்டுத்தான் போயிற்று.

நீங்கள் பஸ் பிடித்துப் போய் இறங்குகிறீர்கள். வாசலில் முருங்கை மரம் சாய்ந்து கிடக்கிறது. கூரையில் வானம் தெரிகிறது. அண்ணா, "இடித்துவிட்டுத் தளம் போட்டுவிடலாம்" என்கிறார். தம்பி சிமெண்டு மூட்டைக்குச் சொல்லி அனுப்பிவிட்டான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை; ஈரத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த இடத்தில் உங்கள் வேலை இருவரையும் பத்து நாள் பொறுக்கச் சொல்வதுதான். புயல் கெடுத்ததைவிட, அவசரத்தில் நாம் கெடுத்துக்கொள்வது அதிகம்.

உள்ளே ஓடாதீர்கள்

முதலில் வீட்டை வெளியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அறுந்த மின்கம்பி கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள். மெயின் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் தண்ணீர் நின்றால் அதையும் தொட வேண்டாம். தண்ணீர் புகுந்த வீட்டில் மின்சாரத் தொழிலாளி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே விளக்கைப் போட வேண்டும்.

அடுத்தது சுவர். மழை நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கிறோம். மண் சுவரும் மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவரும் நீரைக் குடித்துக் கனத்து, வெயில் வந்த பிறகும் விழக்கூடியவை. 2019 டிசம்பர் 2-ம் தேதி மேட்டுப்பாளையம் அருகே நடூரில், மழையில் ஊறிய சுற்றுச்சுவர் ஓட்டு வீடுகளின் மேல் சாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டார்கள். புதிதாக விரிசல் கண்டாலோ, சுவர் வயிறு தள்ளி நின்றாலோ, அம்மாவின் படுக்கையை அன்று இரவே அடுத்த வீட்டுக்கு மாற்றுங்கள். "என் வீட்டில் நான் படுக்கக் கூடாதா?" என்று அவள் கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும்.

குப்பையைக் கூட்டுவதற்கு முன் ஒரு காரியம் உண்டு. நாம் பெண்கள், துடைப்பத்தை எடுத்துத்தான் பழக்கம். இன்றைக்கு முதலில் கைப்பேசியை எடுங்கள். உடைந்த ஓடு, சரிந்த சுவர், நனைந்த நெல் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே படம் பிடித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் மனுக் கொடுங்கள். நிவாரணத் தொகை அவ்வப்போது மாறும். மிக்ஜாம் புயலின்போது சேதமடைந்த குடிசைக்கான தொகையைத் தமிழக அரசு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தியது. பெருந்தொகை அல்லதான். ஆனால் கூட்டிப் பெருக்கிவிட்ட வீட்டுக்குச் சாட்சி ஏது?

கூரை

புயற்காற்று கூரையை அமுக்கித்தான் உடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மேலே உறிஞ்சித் தூக்குகிறது. அதனால்தான் இறவாணத்து ஓடும் மூலை ஓடும் முதலில் பறக்கின்றன. புயல் நகரும்போது காற்றின் திசையும் திரும்பிவிடும். ஆகவே வடக்குச் சரிவு உடைந்திருந்தால் அதை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடாமல், நான்கு புறமும் பார்க்கச் சொல்லுங்கள்.

நனைந்த ஓட்டின் மேல் தம்பியை ஏற்றாதீர்கள். அது ஓடு மேய்கிறவர் வேலை. அவர் வரும் வரை தார்ப்பாயைப் போர்த்திக் கயிற்றால் இழுத்துக் கட்டினால் போதும். ஆணி அடித்தால் நல்ல ஓடும் உடையும். அவர் வந்ததும் கைமரத்தின் நுனிகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கரையான் அரித்த மரத்தின் மேல் புது ஓடு போடுவது, சொத்தைப் பல்லுக்குத் தங்க முலாம் பூசுவது போலத்தான்.

1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அந்த வழியில் வந்த மங்களூர் ஓட்டின் அடியில் ஒரு சிறு மூக்கும் அதில் துளையும் இருக்கும். கம்பி கோத்துச் சட்டத்தோடு கட்டுவதற்காக வைத்த துளை அது. இறவாணத்து வரிசைகளையாவது கட்டிவிட்டால், அடுத்த புயலுக்குப் பாதிக் கவலை குறையும்.

சுவருக்கு மூச்சு வேண்டும்

இனித் தம்பியின் சிமெண்டு மூட்டைக்கு வருவோம். பழைய வீட்டுச் சுவர் சுண்ணாம்புச் சாந்து பூசியது. சுண்ணாம்பு, உள்ளே போன ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். சுவர் உப்புப் பூத்து உதிரும். சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பே பூச வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சேர்த்துக் குழைத்த நம் கொத்தனார்கள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்ல.

சுவர் காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரு முழப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் இடைவெளியில்லாமல் ஒட்டி, மறுநாள் பாருங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் பூச்சுக்கு இன்னும் காலம் வரவில்லை. தடித்த சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்; பீரோவையும் குதிரையும் சுவரை விட்டு ஒரு சாண் நகர்த்துங்கள்.

கிணறும் பெட்டியும்

வெள்ளம் கலந்த கிணற்று நீரைக் கலங்கல் போக இறைத்துவிட்டு, ஊறிய நீருக்குப் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் கணக்கு. இரண்டு மீட்டர் அகலக் கிணற்றில் மூன்று மீட்டர் நீர் இருந்தால் அது சுமார் 9,400 லிட்டர். 24 கிராம் போதும். வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்குங்கள். இரவில் போட்டுக் காலையில் எடுப்பது உத்தமம். குடிக்கும் நீரை அப்போதும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். வெள்ளம் பட்ட அரிசி, மாவு எதுவானாலும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். சேற்றில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குக் காய்ச்சல் கண்டால், எலிக் காய்ச்சலாக இருக்கலாம். கஷாயத்தோடு நிற்காமல் டாக்டரிடம் போங்கள்.

அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நனைந்த கூறைப் புடவையை முறுக்கிப் பிழிய வேண்டாம். வெயிலிலும் போட வேண்டாம். துண்டில் ஒற்றி, நிழலில் காற்றாட விடுங்கள். ஒட்டிக்கொண்ட புகைப்படங்களைப் பிய்த்தால் அப்பாவின் முகம் ஒரு படத்திலும் கண் ஒரு படத்திலுமாகப் போய்விடும். சுத்தமான தண்ணீரில் ஊறவிட்டால் பெரும்பாலும் தாமே பிரியும். பிறகு கொடியில் கிளிப்புப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

ஊர் சொல்லும் பாடம்

உத்திரமேரூர் என்றால் குடவோலைத் தேர்தல் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு அது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஏரி வாரியம் என்று ஒன்று வருகிறது. ஏரியைக் கவனிப்பதற்கென்றே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, 360 நாள் பதவி கொடுத்திருக்கிறார்கள். கரை உடைந்த பிறகு ஓடுவதல்ல, உடையாமல் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்வதுதான் ஊரைக் காக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நாமும் பிறந்தகத்துக்கு ஒரு வாரியம் வைத்தால் என்ன? ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில் ஒரு நாள் அண்ணாவும் தம்பியும் நீங்களும் போய், ஓட்டையும் ஓடைக்காலையும் வாசல் மரத்தின் கிளையையும் பார்த்துவிட்டு வரலாம். பட்டா, ரேஷன் கார்டு இவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வைத்துவிட்டு வரலாம்.

இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்வியையும் அன்றைக்கே பேசலாம். சுவர் காய்ந்திருக்கும், மனமும் தெளிந்திருக்கும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை யாரும் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளை முதலில் கேளுங்கள்.