குடல் அழற்சி நோயுள்ளவர் எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் போகலாமா?

நீடித்த குடல் அழற்சி நோய் என்றதும் எலும்பும் தோலுமாக மெலிந்துபோன ஒருவர்தான் நம் மனக்கண்ணில் வருவார். அடிக்கடி வயிற்றோட்டம், மலத்தோடு இரத்தம், வயிற்று வலி, பசியின்மை என்று வருடக்கணக்கில் வாட்டும் நோய் அது. ஆனால் இன்று மேற்கு நாடுகளில் இந்நோயுள்ளவர்களில் 15 முதல் 40 வீதமானோர் உடற்பருமன் கொண்டவர்கள். எமது நாட்டில் இது அரிதான நோயாகவே கருதப்பட்டது. கொழும்பு, கம்பஹா மாவட்ட வைத்தியசாலைகளை வைத்துச் செய்யப்பட்டு 2010இல் வெளியான ஆய்வொன்று, ஒரு இலட்சம் பேரில் ஐந்து பேருக்குச் சற்றுக் கூடுதலானோருக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸும் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலானோருக்கு குரோன்ஸ் நோயும் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆசியா எங்கும் இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டு வருகிறது. உடற்பருமனும் கூடவே ஏறுகிறது. எனவே இரண்டும் ஒரே ஆளில் சந்திப்பது இனி அபூர்வமல்ல.

அப்படிப்பட்ட ஒருவர் கொழும்பிலோ சென்னையிலோ எடை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொள்ள யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செய்யலாமா என்று கேட்டால், பலருக்குச் செய்யலாம் என்பதே பதில். ஆனால் எந்தச் சத்திரசிகிச்சை, நோய் எந்த நிலையில் இருக்கும்போது என்ற இரண்டும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. குடல் நோயை மறைத்துவிட்டுப் போகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

இந்நோயில் பிரதானமாக இரண்டு வகை. அல்சரேட்டிவ் கொலைடிஸ் பெருங்குடலோடு நின்றுவிடும். 1932இல் நியூயோர்க்கின் மவுன்ட் சைனாய் வைத்தியசாலையைச் சேர்ந்த குரோனும் அவரது இரு சகாக்களும் விவரித்த குரோன்ஸ் நோய் அப்படியல்ல. வாய் முதல் மலவாசல் வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியை அது அதிகம் விரும்பும். குடலைச் சுருக்கி அடைப்பை உண்டாக்கும், துவாரமும் இடும். அதனால் குரோன்ஸ் நோயாளர் பலருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது குடலின் ஒரு துண்டை வெட்டி அகற்ற நேர்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எடை குறைப்புச் சத்திரசிகிச்சைகளில் அதிகம் செய்யப்படுபவையும் இரண்டுதான். ‘ஸ்லீவ்’ என்பதில் இரைப்பையின் 75 முதல் 80 வீதம் வெட்டி எடுக்கப்பட்டு, மீதி ஒடுங்கிய குழாய் போல விடப்படும். குடலில் கை வைப்பதில்லை. ‘பைபாஸ்’ என்பதில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பை ஒன்றை உருவாக்கி, அதைச் சிறுகுடலின் சற்றுக் கீழான இடத்தோடு நேராக இணைத்துவிடுவார்கள். இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் முதற்பகுதியையும் உணவு தொடாமலே போகும்.

குரோன்ஸ் நோயாளருக்குச் சிறுகுடல் என்பது கையிருப்புப் பணம் மாதிரி. நாளைக்கு எவ்வளவு செலவாகும் என்று யாருக்கும் தெரியாது. அதில் ஒரு பகுதியை இன்றைக்கே சுற்றிவிட்டால், பிறகு நோய் இன்னொரு பகுதியைக் கொண்டுபோகும்போது சத்துக்களை உறிஞ்சப் போதிய குடல் மிஞ்சாமல் போகலாம். புதிதாக இணைத்த இடத்திலேயே நோய் தலைகாட்டவும் கூடும். மேலும், பைபாஸுக்குப் பின் ஒதுக்கி விடப்பட்ட இரைப்பைக்குள் சாதாரண எண்டொஸ்கோபியால் நுழைய முடியாது; அங்கே நோய் வந்தால் பார்ப்பதே கஷ்டம். இதனால்தான் குரோன்ஸ் நோயாளருக்குப் பெரும்பாலான நிபுணர்கள் ஸ்லீவையே தெரிவு செய்கிறார்கள். ஆனால் ஒன்று: வெட்டியெடுத்த இரைப்பையைத் திரும்ப ஒட்ட முடியாது. நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு ஸ்லீவுக்குப் பின் அது கூடவும் செய்யலாம்.

விற்றமின் பி12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை உடல் எடுத்துக்கொள்ள இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். அந்தப் புரதத்தோடு சேர்ந்த பி12 உறிஞ்சப்படுவதோ சிறுகுடலின் கடைசிப் பகுதியில், அதாவது குரோன்ஸ் நோய் வழக்கமாகக் குடியிருக்கும் அதே இடத்தில். மேலே இரைப்பையைக் குறைத்து, கீழே நோயும் இருந்தால் இரண்டு பக்கமும் அடி. இரும்புச்சத்துக்கும் இதே கதிதான். ஏற்கனவே இரத்தம் போய்க் குருதிச்சோகையில் இருப்பவருக்கு, இரும்பை உறிஞ்சும் முதற்பகுதியையும் பைபாஸ் ஒதுக்கிவிடுகிறது. பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் ஆகியவற்றிலும் குரோன்ஸும் எடை குறைப்பும் கைகோர்க்கின்றன. ஆகவே இத்தகையவருக்கு விற்றமின்களும் இரத்தப் பரிசோதனைகளும் ஆயுள் முழுவதற்குமானவை. ‘சுகமாகத்தானே இருக்கிறேன்’ என்று இரண்டாம் வருடத்தோடு கிளினிக்கை விடுகிறவருக்கு இது ஏற்ற சிகிச்சையல்ல.

அல்சரேட்டிவ் கொலைடிஸ் நோயாளரின் நிலை கொஞ்சம் இலகு. அவர்களது சிறுகுடல் நோயற்றது என்பதால் பைபாஸும் செய்யப்படுகிறது. ஆனால் சிலருக்குப் பிற்காலத்தில் பெருங்குடலை முழுதாக அகற்றி, சிறுகுடலின் நுனியால் ஒரு பை செய்து கீழே இணைக்க வேண்டி வரலாம். அந்த வாய்ப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு: வயிற்றுக் கொழுப்பு மிக அதிகமானால் அந்தப் பை கீழே எட்டுவதே சிரமம் என்பதால், முன்கூட்டியே எடையைக் குறைப்பது இவர்களில் சிலருக்குப் பெரும் உதவி.

இவ்வளவு ஆபத்தென்றால் எதற்காகச் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். பருமன் கூடியவர்களுக்கு இந்நோய்க்கான ஊசி மருந்துகள் சில குறைவாகவே வேலை செய்கின்றன. குடல் சத்திரசிகிச்சைகளும் சிக்கலாகின்றன. நீரிழிவு, உயர் குருதியமுக்கம், மூட்டு வலி எல்லாம் தனி. 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டல், ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 27.5ஐத் தாண்டினாலே இச்சிகிச்சையை வழங்கலாம் என்கிறது. குடல் நோயுள்ளவர்களில் இதுவரை நடந்தவை பெரும்பாலும் பழைய பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வுகளே என்றாலும், தகுந்தவர்களைத் தெரிந்தெடுத்துச் செய்தால் ஏற்கத்தக்க அளவு பாதுகாப்பானது என்றே அவை காட்டுகின்றன.

தகுந்தவர் யார்? முதலில் எடை ஏறியது எதனால் என்று பார்க்க வேண்டும். பிரெட்னிசலோன் பசியைக் கிளப்பி உடலை ஊத வைக்கும் மருந்து. அதை விட்டு வேறு மருந்துக்கு மாறினாலே சிலருக்கு எடை இறங்கும். நோய் அடங்கியிருக்கும் காலத்தில், முடிந்தவரை ஸ்டீரொய்ட் இல்லாத நிலையில்தான் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டும். ஸ்டீரொய்ட் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். அதற்காக மாத்திரையைத் தானாகவே திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதானாலும் குடல் நோய் வைத்தியரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். சிகரெட்டையும் விட்டாக வேண்டும். இந்நோயில் இரத்தம் உறையும் ஆபத்து ஏற்கனவே கூட என்பதால், வீட்டுக்கு வந்த பின்னும் சில வாரங்கள் உறைதல் தடுப்பு ஊசி தேவைப்படலாம்.

பருமனானவர்கள் முழங்கால் வலிக்குப் பாமசியில் டைக்லோபினக் வாங்கிப் போடுவது இங்கே சர்வ சாதாரணம். குடல் அழற்சியையும் அது கிளப்பிவிடும், பைபாஸ் இணைப்பில் புண்ணையும் உண்டாக்கும். பரசிட்டமோல் போதாவிட்டால் வைத்தியரிடம்தான் போக வேண்டும். மெசலசின் போன்ற மேலுறை இட்ட மாத்திரைகளை, விழுங்கக் கஷ்டமென்று பொடியாக்கிக் குடிக்கவும் கூடாது. சத்திரசிகிச்சைக்குப் பின் வயிற்றோட்டம் வந்தால் அது புதிய வயிற்றின் குணமா, பழைய நோய் திரும்பியதா என்று ஊகிக்காமல் மலத்தில் கல்ப்ரொடெக்டின் பரிசோதனை செய்து பார்க்கலாம். பெண்கள் 12 முதல் 18 மாதங்களுக்குக் கர்ப்பத்தைத் தள்ளிவைக்க வேண்டும். எடை இறங்கும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதையும், பைபாஸின் பின் கர்ப்பத்தடை மாத்திரையை முழுதாக நம்ப முடியாது என்பதையும் பலர் அறிவதில்லை.

நம்மவர்கள் உடனே கேட்கும் கேள்வி நோன்பு. ஒரே தடவையில் ஒரு கோப்பைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாத வயிறு அது. நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடித்தால்தான் நீரிழப்பு வராது. வயிற்றோட்டமும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். அதனால் முதல் ரமழானை விட்டுவிட்டு, அடுத்ததை வைத்தியரைக் கேட்டே தீர்மானிக்கும்படி ஆலோசனை சொல்வார்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறதே. கல்யாண வீட்டு சஹனில் ஆறு பேரோடு உட்கார்ந்து, ‘இன்னும் ஒரு பிடி’ என்று வற்புறுத்தப்படுவதுதான் நடைமுறையில் இதைவிடப் பெரிய சோதனை.

வெளிநாடு போகிறவர்கள் கடைசியாகச் செய்த கொலனோஸ்கோபி அறிக்கை, பயொப்சி முடிவு, மருந்துப் பட்டியல், குடல் நோய் வைத்தியரின் கடிதம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். திரும்பி வரும்போது என்ன வெட்டினார்கள், எதை எதோடு இணைத்தார்கள், எத்தனை சென்ரிமீற்றர் குடலைச் சுற்றிவிட்டார்கள் என்று எழுதிய சத்திரசிகிச்சைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு நடுநிசியில் வயிற்று வலியோடு கல்முனையிலோ புத்தளத்திலோ வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டால், அங்கே பணியிலிருக்கும் வைத்தியர் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.