மூன்று பெட்டிகளில் ஓர் இசைக்கருவி

வீணையிலும் நாகசுவரத்திலும் ஒரே சுருதியில், ஒரே செறிவில் ஒரு சுரத்தை எழுப்பினாலும், இது வீணை, இது நாகசுவரம் என்று நம் காது உடனே பிரித்தறிந்துவிடுகிறது. இது எப்படி என்று கேட்டால், "சுரப்பண்பு மேற்சுரங்களைப் பொறுத்தது" என்று பாடநூலில் உள்ள வரியைச் சொல்லிவிடலாம். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

நானும் வகுப்பில் பல ஆண்டுகள் இதையே சொல்லி வந்தேன். ஒரு நாள் ஒரு மாணவர் எழுந்து, "மேற்சுரம் மேற்சுரம் என்கிறீர்களே சார், அதைத் தனியாகக் கேட்க முடியுமா?" என்றார். நான் கரும்பலகையில் ஃபூரியர் தொடரை எழுதிக் காட்டினேன். அவர் கேட்டது காதுக்கு. நான் கொடுத்தது கண்ணுக்கு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இசைக்கவைகளும் சுரமானியும் உண்டு. மேற்சுரங்களைப் பிரித்துக் காட்டும் கருவி இல்லை.

அந்தக் கருவியைப் பின்னர் நான் கண்டது அறிவியல் கருவிகள் விற்கும் கடையில் அன்று. இசைக்கலைஞர்கள் கணிப்பொறியில் பயன்படுத்தும் எளிய மென்பொருள் சிந்தசைசர்தான் அது. சிந்தசைசர் என்றால் ஒலியை மின்னியல் முறையில் தொகுத்து உருவாக்கும் கருவி. இன்று எத்தனையோ பெரிய, சிக்கலான சிந்தசைசர்கள் இருந்தும், சில குமிழ்களே கொண்ட எளியவற்றை மக்கள் விடாமல் விரும்புவது ஏன் என்பதை இக்கட்டுரையில் காண்போம். காரணம் சோம்பல் அன்று. அதில் நல்ல இயற்பியல் இருக்கிறது.

மூன்று பெட்டிகள்

எளிய சிந்தசைசரை மூன்று பெட்டிகளாகக் கருதலாம். முதற்பெட்டி அலையியற்றி. இது குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஓர் அலையை இடைவிடாது உண்டாக்குகிறது. அலையின் வடிவத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம். சைன் அலையில் அடிப்படைச் சுரம் மட்டுமே உண்டு. மேற்சுரம் ஏதும் இல்லை. இரம்பப் பல் போன்ற அலையில் அடிப்படை அதிர்வெண்ணின் எல்லா முழு மடங்குகளும் இருக்கின்றன. இரண்டாவதன் வீச்சு பாதி, மூன்றாவதன் வீச்சு மூன்றில் ஒரு பங்கு என்று அவை படிப்படியாகக் குறைந்து செல்லும். சதுர அலையிலோ 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே இருக்கும்.

ஒரு முனை மூடிய குழாயில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே எழும் என்று படித்திருப்பீர்கள். கிளாரினெட்டின் தாழ்ந்த சுரங்கள் பெரிதும் அவ்வகையைச் சேர்ந்தவை. சதுர அலையைக் கேட்டவுடன் கிளாரினெட் நினைவுக்கு வருவது தற்செயல் அன்று.

இரண்டாம் பெட்டி வடிகட்டி. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளவற்றை இது விட்டுவிடும். மேலே உள்ளவற்றைக் குறைக்கும். அந்த எல்லையை வெட்டு அதிர்வெண் என்பர். 110 ஹெர்ட்ஸ் இரம்பப்பல் அலையை எடுத்துக்கொண்டு வெட்டு அதிர்வெண்ணை 330-இல் வைத்தால், 110, 220, 330 ஆகியவையே முக்கியமாக மிஞ்சும். முதலில் கரகரவென்று இருந்த ஒலி இப்போது பஞ்சு போல மென்மையாகிவிடும். பளிங்குப் பாறையிலிருந்து வேண்டாத பகுதிகளைச் செதுக்கி எறிந்து சிலையை உருவாக்குவது போன்றது இது. இதனால் இம்முறைக்குக் கழித்தல் முறைத் தொகுப்பு என்று பெயர்.

மூன்றாம் பெட்டி பெருக்கி. ஒலி எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எழுந்தபின் எவ்வளவு நேரத்தில் தணிய வேண்டும், விரல் சாவியின் மேல் இருக்கும்வரை எந்த அளவில் நிலைக்க வேண்டும், விரலை எடுத்தபின் எவ்வளவு நேரத்தில் மறைய வேண்டும் என்ற நான்கு கட்டளைகளின்படி இது இயங்குகிறது. எழுச்சி, தணிவு, நிலைப்பு, மறைவு என்று இவற்றைக் குறிப்பிடலாம். எழுச்சியை நொடியில் ஆயிரத்தில் 5 பங்காகவும், தணிவை 1 நொடியாகவும், நிலைப்பைச் சுழியாகவும் வைத்தால் தந்தியை மீட்டியது போன்ற ஒலி கிடைக்கும். எழுச்சியைச் சற்று நீட்டி, நிலைப்பை முழு அளவில் வைத்தால் ஊதுகருவி போல் தோன்றும். அலை மாறவில்லை, காலத்தோடு அதன் வீச்சு மாறும் விதம்தான் மாறியது.

1948-இல் பாரிசில் பியர் ஷேஃபர் என்பவர் மணியோசையைப் பதிவு செய்து, அதன் தொடக்கப் பகுதியை மட்டும் நீக்கிக் கேட்டார். அது மணியோசை போலவே இல்லை! ஒலியின் முதற்கணம் நம் காதுக்கு எத்துணை முக்கியம் என்பதற்கு இது நல்ல சான்று.

எண்ணத் தெரிந்தால் போதும்

இப்பெட்டிகளைக் கணிப்பொறியில் செய்வது கடினமா? இல்லை. கணிப்பொறிக்கு ஒலி என்பது எண்களின் வரிசையே. குறுந்தகட்டில் ஒரு நொடி ஒலிக்கு ஒரு தடத்தில் 44,100 எண்கள் உள்ளன. 441 ஹெர்ட்ஸ் இரம்பப்பல் அலை வேண்டுமானால், ஒவ்வோர் எண்ணுக்கும் 0.01 கூட்டிக்கொண்டே போக வேண்டும். 1 ஆனதும் மீண்டும் சுழியிலிருந்து தொடங்க வேண்டும். நூறு படிகளில் ஒரு சுற்று. நொடிக்கு 441 சுற்றுகள். அதே சுற்றில் முதல் 50 படிகளுக்கு +1, அடுத்த 50 படிகளுக்கு −1 என்று கொடுத்தால் சதுர அலை.

வடிகட்டியும் அப்படியே. புதிய உள்ளீட்டுக்கும் பழைய வெளியீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்து, அதில் ஒரு சிறு பங்கை, பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம், பழைய வெளியீட்டோடு கூட்டுக. அதுவே புதிய வெளியீடு. மெதுவாக மாறும் உள்ளீட்டை வெளியீடு பின்தொடர்ந்துவிடும். விரைவாக ஆடும் உள்ளீட்டை அதனால் எட்டிப் பிடிக்க இயலாது. எனவே உயர் அதிர்வெண்கள் குறைந்துவிடுகின்றன. வெட்டு எல்லைக்கு வெகு மேலே, அதிர்வெண் இருமடங்காகும்போதெல்லாம் வீச்சு பாதியாகும். இத்தகைய நான்கை அடுத்தடுத்து வைத்தால் 16-இல் ஒரு பங்காகும். அமெரிக்கரான ராபர்ட் மூக் தம் சிந்தசைசர்களில் அமைத்த புகழ்பெற்ற வடிகட்டியும் நான்கு படிகள் கொண்டதே.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இரம்பப்பல் அலையின் மேற்சுரங்களுக்கு முடிவில்லை. ஆனால் நொடிக்கு 44,100 எண்களைக் கொண்டு 22,050 ஹெர்ட்ஸ் வரைதான் குறிக்க முடியும். 3,000 ஹெர்ட்ஸ் அலையின் பத்தாம் மடங்கான 30,000, எல்லையைத் தாண்டுவதால், 44,100-இலிருந்து கழிந்து 14,100 ஹெர்ட்ஸாகத் திரும்பி வந்து ஒலிக்கும். இது 3,000-இன் மடங்கு அன்று, ஆகவே அபசுரம். நல்ல மென்பொருள்கள் இக்குறையைக் குறைக்கத் தனியே வழி செய்கின்றன.

கணிப்பொறியில் இசை செய்யும் முயற்சி பழையது. 1957-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மேத்யூஸ் எழுதிய நிரல், ஐ.பி.எம். 704 கணிப்பொறியில் 17 நொடி இசையை உருவாக்கியது. அன்று ஒலியை முதலில் கணக்கிட்டு நாடாவில் பதித்துப் பின்னரே கேட்க வேண்டியிருந்தது. இன்று சாதாரண மடிக்கணிப்பொறி விரல் சாவியைத் தொட்டதும் அக்கணக்கை முடித்துவிடுகிறது.

இரண்டு கருவிகளின் கதை

1970-இல் மினிமூக் என்னும் சிந்தசைசர் வெளிவந்தது. மூன்று அலையியற்றிகள், ஒரு வடிகட்டி, ஒரு பெருக்கி. எல்லாக் குமிழ்களும் கண்ணெதிரே. எந்தக் குமிழ் எதைச் செய்கிறது என்பதைத் திருகிப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

1983-இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் டி.எக்ஸ்.7 என்ற கருவியை வெளியிட்டது. அதன் அடிப்படை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டறிந்து 1973-இல் கட்டுரையாக வெளியிட்ட அதிர்வெண் பண்பேற்ற முறை. ஓர் அலையின் அதிர்வெண்ணை மற்றோர் அலையால் விரைவாக ஏற்றி இறக்கினால் எண்ணற்ற புதிய அதிர்வெண்கள் பிறக்கும். மணி, மின்பியானோ போன்ற ஒலிகளை இக்கருவி மிகத் தெளிவாக எழுப்பியது. அதன் விற்பனையும் பெரிது. அக்காலத் திரைப்பாடல்களிலும் மேல்நாட்டுப் பாடல்களிலும் அதன் ஒலி நிறைந்திருந்தது. ஆயினும் அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் நிறுவனமே அமைத்துக் கொடுத்த ஒலிகளையே வாசித்தனர். தாமாகப் புதிய ஒலி அமைத்தவர் சிலரே. ஏன்?

பொத்தான்கள் மிகுதி, திரை சிறிது என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் கணிதத்தில் இருக்கிறது. வடிகட்டியின் குமிழை வலப்பக்கம் திருகினால் ஒலி மேன்மேலும் கூர்மையாகும். இடப்பக்கம் திருகினால் மென்மையாகும். எப்போதும் இப்படியே. பண்பேற்ற முறையில் அவ்வாறு இல்லை. பண்பேற்றத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் அதிர்வெண் முதலில் குறைந்து, அறவே மறைந்து, மீண்டும் தலைகாட்டும். பண்பேற்ற எண் ஏறத்தாழ 2.405 ஆகும்போது மூல அலையின் அதிர்வெண் முற்றிலும் மறைந்தேவிடுகிறது! ஒவ்வொரு பக்க அதிர்வெண்ணும் பெசல் சார்பு என்ற கணித விதிப்படி தனித்தனியே ஏறி இறங்குகிறது. டி.எக்ஸ்.7-இல் இத்தகைய ஆறு அலையியற்றிகள். அவற்றை 32 விதமாக இணைக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டிச் சொல்லக் காதுக்கு வழியில்லை.

எளிய கருவியின் கவர்ச்சி இங்கேதான் விளங்குகிறது. அதில் ஒரு காரணத்துக்கு ஒரு விளைவு; விளைவு எப்போதும் ஒரே திசையில். சில நாள்களில் "இந்த ஒலிக்கு வடிகட்டியைச் சற்று மூட வேண்டும்" என்று காதே சொல்லத் தொடங்கிவிடும். மனத்தில் கேட்ட ஒலியைக் கையால் செய்யும் ஆற்றல் அப்படித்தான் பிறக்கிறது. ஆயிரம் ஆயத்த ஒலிகளிலிருந்து ஒன்றைப் பொறுக்குபவர் தேர்வாளர். இருபது குமிழ்களில் தம் ஒலியை அமைப்பவரே படைப்பாளர்.

விலையும் ஒரு காலத்தில் தடையாக இருந்தது. மினிமூக்கின் தொடக்க விலை 1,495 டாலர். இன்று அதே மூன்று பெட்டி அமைப்புள்ள மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜப்பானியரான இசிரோ தோடா எழுதிய சிந்த்1 என்பது நெடுங்காலமாகப் பலரும் பயன்படுத்துவது. அது வேறோர் இசை மென்பொருளுக்குள் அமர்ந்து இயங்கும். மேட் டைட்டல் எழுதிய ஹெல்ம் தனித்தே இயங்கும். அதன் நிரலையும் எவரும் படித்துப் பார்க்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

செவியில் பொருத்தும் ஒலிப்பான் ஒன்று இருந்தால் நல்லது; கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுரங்கள் கேட்பதில்லை. ஒலியளவைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள்.

முதற்சோதனை: இரண்டு அலையியற்றிகளை ஒரே சுரத்தில் வைத்து, ஒன்றை இம்மியளவு மாற்றுங்கள். 440, 441 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஒரு விம்மல் கேட்கும். இசைக்கவைகளில் மெழுகு ஒட்டிச் செய்யும் சோதனை இங்கே ஒரு குமிழில் முடிந்துவிடுகிறது.

இரண்டாம் சோதனைதான் அந்த மாணவரின் கேள்விக்கு விடை. 110 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த சாவியை அழுத்தி இரம்பப்பல் அலையை ஒலிக்கச் செய்யுங்கள். வடிகட்டியில் 'ரெசனன்ஸ்' என்றொரு குமிழ் இருக்கும். ஒத்ததிர்வு என்று நாம் படித்தது இதுவே. வெட்டு அதிர்வெண்ணுக்கு அருகில் உள்ள மேற்சுரத்தை மட்டும் அது எடுத்து உயர்த்தும். அதை மிகுதியாக வைத்து, 'கட்ஆஃப்' குமிழை மிக மெதுவாகக் கீழிருந்து மேலே திருகுங்கள். 110-ஐ ஆதார சட்ஜமாகக் கொண்டால், முதலில் 220-இல் மேல் சட்ஜம், பிறகு 330-இல் பஞ்சமம், 440-இல் மீண்டும் சட்ஜம், 550-இல் அந்தர காந்தாரம் என ஒவ்வொன்றாகக் குழலூதியது போல் எழுந்து மறையும். சாவி ஒன்றே, சுரங்கள் பல! பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உள்ளீடற்ற கோளங்களைக் காதில் வைத்துச் செய்த ஆய்வை நீங்கள் ஒரு குமிழில் செய்துவிட்டீர்கள். நன்கு சுருதி சேர்த்த தம்புராவில், எவரும் மீட்டாமலே காந்தாரம் கேட்பதாக இசைவாணர் சொல்வதும் இந்த ஐந்தாம் மேற்சுரத்தையே.

எளிமையின் எல்லை

ஆனால் தம்புராவையே இக்கருவியால் முழுமையாகப் படைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். தம்புராவின் வளைந்த குதிரையும் அதன்மேல் செருகிய நூலும் தந்தியின் மேற்சுரங்களை வியப்பூட்டும் வகையில் வளர்த்தெடுக்கின்றன. மீட்டிய இடத்தைப் பொறுத்து எழவே கூடாத மேற்சுரங்களும் எழுவதை சர் சி. வி. ராமன் 1921-இல் எடுத்துக்காட்டினார். எளிய சிந்தசைசரில் எல்லா மேற்சுரங்களுக்கும் ஒரே வடிகட்டி, ஒரே பெருக்கி. ஒவ்வொன்றும் தன் போக்கில் வளர்ந்து தேய அங்கே இடமில்லை. வீணைக் கமகத்துக்கோ விரலே வேண்டும்.

இந்தக் குறையும் ஒரு பாடமே. எளிய கருவி எந்த இடத்தில் தோற்கிறதோ, அந்த இடத்தில் இயற்கை என்ன கூடுதலாகச் செய்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. அக்கேள்வியே இயற்பியலின் தொடக்கம்.

அடுத்த ஆண்டு அதே பாடத்தை நடத்தியபோது நான் கரும்பலகைக்குப் போகவில்லை. மடிக்கணிப்பொறியைத் திறந்து, குமிழை மெதுவாகத் திருகினேன். ஐந்தாம் மேற்சுரம் எழுந்தபோது கடைசி வரிசையில் ஒருவர் "காந்தாரம்!" என்றார். சங்கீதம் கற்றவர் போலும். தேர்வில் அந்த இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அவர் என்ன எழுதினாரோ தெரியாது. ஆனால் மேற்சுரம் என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். அவர் அதைக் கேட்டிருக்கிறார்.