ஏரியும் கணக்கும்

தாம்பரத்திற்கு மேற்கே முடிச்சூர் என்னும் ஊர் உள்ளது. அதன் பக்கம் ஓடும் அடையாறு கோடையில் ஆறு என்று சொல்லத்தக்கதன்று; மெலிந்த ஓர் ஓடையே. 2015 ஆம் ஆண்டு டிசம்பர் 1 ஆம் நாள் பெய்த மழையில் அவ்வோடை ஊருக்குள் புகுந்தது. மறுநாட் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகளின் கீழ்த்தளங்கள் நீரில் மறைந்தன. மக்கள் மாடிகளில் நின்று படகுகளை எதிர்நோக்கினர்.

வெள்ளம் வடிந்ததும் எங்கும் ஒரே கேள்வி எழுந்தது: இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது? செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதே காரணம் என்றனர் பலர். வரலாறு காணாத மழையே காரணம் என்றது அரசு. இவற்றுள் எது மெய்?

நிலப்படத்தை விரித்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் மிகைநீரைப் பெற்று, அடையாறு முடிச்சூர் வழியே வடக்கு நோக்கி வருகிறது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அதனோடு கலக்குமிடம் அதற்கும் கீழே, திருநீர்மலைக்கு அருகில் உள்ளது. ஆகவே முடிச்சூரை மூழ்கடித்தது பெரிதும் ஆதனூர்ப் பக்கத்து நீரே. அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை முதலிய இடங்களின் நிலை வேறு. அங்குப் பாய்ந்த வெள்ளத்தில் மழை மட்டுமன்றி, மதகைத் திறந்தவர்களின் முடிவும் கலந்திருந்தது. அம்முடிவு தக்க காலத்தில் எடுக்கப்பட்டதா என்பதை வானத்தைப் பார்த்து அறிய இயலாது. பதிவேட்டைப் பார்த்தே அறிய இயலும்.

ஏரியின் பதிவேடு எளியதொரு பொருள். நீர்மட்டம் எத்தனை அடி, உள்ளே வரும் நீர் நொடிக்கு எத்தனை கன அடி, வெளியே விடும் நீர் எத்தனை கன அடி என்று நேரம் குறித்து அதில் எழுதுவர். செம்பரம்பாக்கத்தின் முழு மட்டம் 24 அடி. டிசம்பர் 1 அன்று அதிலிருந்து விடப்பட்ட நீர் நொடிக்கு 29,000 கன அடியை எட்டியது. முன்னரே சிறிது சிறிதாக விட்டிருக்கலாகாதா என்று மக்கள் கேட்டனர். விதிகளின்படியே நீர் திறக்கப்பட்டது என்று அம்மாதத்திலேயே அரசின் தலைமைச் செயலாளர் விரிவானதோர் அறிக்கை வெளியிட்டார். விளக்கம் தந்தது நன்றே. எனினும், தன் செயலுக்குத் தானே தீர்ப்புக் கூறுதல் போதாது. அதனாலன்றோ நம் அரசியலமைப்பு, ஆளும் அமைச்சரவைக்குக் கட்டுப்படாத தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஒருவரை நிறுவியுள்ளது! அவருடைய அறிக்கை 2018 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. நிகழ்ந்தது மனிதரால் விளைந்த பேரிடர் என்று அது கூறியது. ஏரி நீரை வெளியேற்றிய முறையையும் குறை கூறியது. வெள்ளத்திற்கும் அவ்வறிக்கைக்கும் இடையே இரண்டரை ஆண்டுகள் கழிந்தன. வீட்டுப் பொருளையெல்லாம் இழந்தவர்க்கு அது மிக நெடிய காலமே.

ஏரியைக் காப்போர் ஊருக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. செங்கற்பட்டுக்கு அப்பால் உள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. முப்பது குடும்புகளாகப் பிரிந்த அவ்வூரில் குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தனர். ஏரி வாரியமும் அவற்றுள் ஒன்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பதவிக்கு வரலாகாது என்பது விதி. அவர் மட்டுமோ? தாயின் உடன்பிறந்தாள் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மருமகன் என்று விலக்கப்பட்டோர் பட்டியல் நீள்கிறது. மாமனார் கணக்கை மறைத்தமையால் மருமகன் பதவி இழப்பதா என்று நமக்கு நகை தோன்றலாம். உறவினர் பெயரால் அதிகாரத்தைத் தொடரும் வழியை அவ்வூரார் அடைத்துவிட்டனர் என்பதே அதன் பொருள். ஆனால் அந்தச் சபையில் நிலமுடைய அந்தண ஆடவர்க்கே இடமிருந்தது என்பதையும் மறைத்தலாகாது. உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் அங்கே இடமில்லை.

கணக்குக் கேட்கும் உரிமை எல்லார்க்கும் உரியதானது நம் காலத்தில்தான். இராஜஸ்தானத்துச் சிற்றூர்களில் உழைப்பாளர்கள் 1994 முதல் பொது விசாரணைகள் நடத்தினர். கூலிப் பட்டியல்களை ஊர் நடுவே உரக்கப் படித்தபோது, வேலை செய்யாதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளியாயிற்று. அம்முயற்சிகளின் பயனாக நாடெங்கும் எழுந்த கோரிக்கையே பின்னர்ச் சட்டமாயிற்று. தமிழ்நாடு 1997 இலேயே தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் அதில் விலக்குகள் மிகுதி. இந்திய நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, குடிமகன் எவரும் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர் வினவுதல் கூடாது. 30 நாள்களுக்குள் விடை தரவேண்டும். உயிரையோ தனிமனித உரிமையையோ பற்றிய செய்தியாயின் 48 மணி நேரத்திற்குள் தரவேண்டும். காரணமின்றித் தாமதித்தால், நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம் அலுவலர் தாமே தண்டம் செலுத்த நேரும். நாட்டின் பாதுகாப்பு முதலிய சிலவற்றிற்கு மட்டும் விலக்கு உண்டு.

தாம்பரம், பல்லாவரம், பம்மல் முதலிய நகராட்சிகளும் அடுத்திருந்த பேரூராட்சிகளும் இணைந்து, 2021 இல் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. மறு ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள் பம்மலில் கூடிய பகுதி சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். இத்தகைய கூட்டத்தில் வாயால் கேட்கலாம். சட்டத்தின்படி எழுத்தாலும் கேட்கலாம். முடிச்சூரில் ஒரு கால்வாய் தூர்வாரப்பட்டதாகக் கணக்கில் எழுதியிருந்தால், எந்நாளில், எத்தனை மீட்டர், எவ்வளவு தொகைக்கு என்று அவ்வூரார் நகல் பெறலாம். பின்னர் அவ்விடத்துக்கே சென்று, தாளில் உள்ள அளவு தரையிலும் உள்ளதா என்று அளந்து பார்க்கலாம்.