வீட்டுக்காரர் போட வேண்டிய கையெழுத்து

தாய்லாந்தின் குடியேற்றச் சட்டம் 1979இல் வந்தது. அந்த நாட்டுக் கணக்கில் அது புத்த ஆண்டு 2522. அதில் 38ஆம் பிரிவு சில வரிகள்தான். தற்காலிக அனுமதியில் வந்திருக்கும் வெளிநாட்டவர் ஒரு வீட்டிலோ ஹோட்டலிலோ தங்கினால், அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுத் தலைவரோ, உரிமையாளரோ, வீட்டை அனுபவத்தில் வைத்திருப்பவரோ, ஹோட்டல் மேலாளரோ அந்தப் பகுதியின் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அலுவலகம் இல்லாத ஊரில் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கான படிவம் டி.எம்.30. இதோடு பலரும் குழப்பிக்கொள்ளும் இன்னொரு படிவம் டி.எம்.47. நாட்டில் 90 நாளுக்கு மேல் தொடர்ந்து இருக்கும் வெளிநாட்டவர், ஒவ்வொரு 90 நாளுக்கும் ஒருமுறை தன் முகவரியைத் தானே சொல்ல வேண்டும் என்று 37ஆம் பிரிவு கேட்பது அது. ஆக, ஒரே முகவரியை அரசு இரண்டு வாய்களிலிருந்து கேட்கிறது: குடியிருப்பவரிடம் ஒருமுறை, குடிவைத்தவரிடம் ஒருமுறை. முதலாவதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. சிக்கலெல்லாம் இரண்டாவதில்தான்.

சட்டத்தின் வாசகப்படி, டி.எம்.30 கொடுக்கத் தவறினால் அபராதம் வீட்டுக்காரருக்கு, 2,000 பாட் வரை. ஹோட்டல் மேலாளர் என்றால் 2,000 முதல் 10,000 பாட் வரை. குடியிருக்கும் வெளிநாட்டவர் மீது அந்தப் பிரிவு எந்தக் கடமையையும் சுமத்தவில்லை. ஆனால் அவர் விசாவை நீட்டிக்கவோ வேறு சான்றிதழ் வாங்கவோ அலுவலகத்துக்குப் போகும்போது, டி.எம்.30 கொடுத்ததற்கான ரசீது எங்கே என்று கவுன்ட்டரில் கேட்கிறார்கள். ரசீது இல்லையென்றால் கோப்பு நகராது. வீட்டுக்காரர் வேறு மாகாணத்தில் இருக்கலாம். முதலீடாக ஃப்ளாட் வாங்கிப் போட்டுவிட்டு ஏஜென்ட் மூலம் வாடகைக்கு விட்டவராக இருக்கலாம். வாடகை வருமானத்தை வரிக் கணக்கில் காட்டாதவராகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவரிடம் போய் அடையாள அட்டை நகல், வீட்டுப் பதிவேட்டின் நகல், கையெழுத்து என்று கேட்டால் எளிதில் கிடைத்துவிடுமா? விசா முடியப்போவது குடியிருப்பவருக்குத்தான். வீட்டுக்காரருக்கு அவசரம் எதுவும் இல்லை. கடைசியில் குடியிருப்பவரே படிவத்தை நிரப்பி, வரிசையில் நின்று, வீட்டுக்காரர் பெயரில் விழுந்த அபராதத்தையும் தன் பையிலிருந்து கட்டிவிட்டு வருகிறார். தவறியவர் ஒருவர், தண்டம் கட்டியவர் வேறொருவர். என் வாதம் இந்த இடைவெளியைப் பற்றியதுதான். தகவல் தெரிவிக்கும் கடமையை, அதைத் தெரிவித்தால் பயன் பெறுகிறவரிடம் கொடுக்க வேண்டும்; பயன் இல்லாதவரிடம் கொடுத்தால் தகவலும் ஒழுங்காக வராது, பாரமும் இடம் மாறி விழும்.

இதற்குச் சான்று 2019இல் தாய்லாந்திலேயே கிடைத்தது. நாற்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஏட்டில் கிடந்த 38ஆம் பிரிவை அந்த ஆண்டு அதிகாரிகள் கறாராக அமல்படுத்தத் தொடங்கினார்கள். பாங்காக்கில் குடியிருப்பவர் வார இறுதியில் சியாங் மாய் போய் ஹோட்டலில் தங்கினால், ஹோட்டல் அவர் பெயரைப் பதிவு செய்யும். அவர் திங்கள்கிழமை தன் வீட்டுக்குத் திரும்பினால் அதுவும் புதிய ‘வருகை’ என்று கணக்கிடப்பட்டது. ஒருவர் தன் சொந்தப் படுக்கைக்குத் திரும்பி வந்ததை 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். வெளிநாட்டு வணிகச் சங்கங்களும் முறையிட்டன. 2020 ஜூனில் விதி தளர்ந்தது. ஏற்கெனவே பதிவான முகவரிக்கே திரும்பி வருகிறவருக்கு, அனுமதிக் காலம் இருக்கும்வரை மறுபடி பதிவு தேவையில்லை என்றாகிவிட்டது. இந்தத் தளர்வால் நாட்டின் பாதுகாப்பு குறைந்துவிட்டது என்று அதிகாரிகளே சொல்லவில்லை. அப்படியென்றால் அதுவரை குவிந்த அத்தனை காகிதமும் எதற்காக?

‘பாதுகாப்பு’ என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் பதில். அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 2015 ஆகஸ்ட் 17 அன்று பாங்காக்கின் எரவான் கோயிலருகே குண்டு வெடித்து 20 பேர் இறந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, நகரின் ஓரத்திலுள்ள நோங் சோக் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வெளிநாட்டவர் ஒருவரைப் பிடித்தார்கள். வாடகை அறையில் யார் தங்குகிறார்கள் என்று அரசுக்குத் தெரிய வேண்டாமா என்ற கேள்வி அன்று நியாயமாகவே எழுந்தது. ஆனால் அந்த அறையில் கட்டுக்கட்டாகப் போலி பாஸ்போர்ட்டுகளும் கிடைத்தன. வீட்டுக்காரர் விதிப்படி 24 மணி நேரத்துக்குள் படிவம் கொடுத்திருந்தால் அதில் என்ன பெயர் இருந்திருக்கும்? பாஸ்போர்ட்டில் அச்சாகியிருந்த பொய்ப் பெயர்தான். பாஸ்போர்ட் அசலா போலியா என்று கண்டுபிடிக்கும் கருவியும் பயிற்சியும் எல்லையில் நிற்கும் அதிகாரியிடம் இருக்கின்றன. வாடகை வாங்கும் அம்மாளிடம் இல்லை. மறைந்து வாழ நினைப்பவர் இந்த வலையில் சிக்குவது அரிது. ஆசிரியர், ஓய்வு பெற்றவர், தாய்லாந்துப் பெண்ணை மணந்தவர் என்று ஒளிக்க எதுவும் இல்லாதவர்கள்தான் நாள்தோறும் சிக்குகிறார்கள்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது. வெளிநாட்டவரே தன் முகவரியைச் சொல்லட்டும் என்று விட்டால், பொய் முகவரி கொடுத்துவிட்டு வேறெங்காவது இருப்பார். வீட்டுக்காரரின் சாட்சி அதற்குத்தான் என்பார்கள். ஜெர்மனி இதே கவலைக்கு வேறு வழி கண்டது. அங்கே வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். வெளிநாட்டவர், குடிமகன் என்ற பாகுபாடு இல்லை. பதிய வேண்டியவர் குடியேறுகிறவர். பொய் முகவரிகளைத் தடுக்க 2015 நவம்பர் முதல் வீட்டுக்காரரின் உறுதிக் கடிதம் ஒன்றைச் சேர்த்தார்கள். அவர் செய்ய வேண்டியது, இன்னார் இந்தத் தேதியில் குடிவந்தார் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது மட்டும்தான். யாரும் உண்மையில் குடிவராத வீட்டுக்குக் கடிதம் கொடுத்தால் 50,000 யூரோ வரை அபராதம் உண்டு. பொய் சொல்பவருக்குக் கடுமை, தாமதித்தவருக்கு லேசான தண்டம் என்று அளவும் பொருத்தமாக இருக்கிறது. சாட்சியும் கிடைத்தது, வீட்டுக்காரரும் எல்லைக் காவலர் ஆகவில்லை.

தாய்லாந்துக்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. ‘வீட்டுத் தலைவர்’ என்பதற்கு அதே சட்டம் தரும் விளக்கத்தைப் படித்தால், உரிமையாளராகவோ வாடகைதாரராகவோ வேறு எந்த வகையிலோ வீட்டைத் தலைமையாக அனுபவிப்பவர் என்றிருக்கிறது. வாடகைதாரரே வீட்டுத் தலைவராகலாம் என்றால், வாடகை ஒப்பந்தத்தைக் காட்டித் தன் வருகையைத் தானே அறிவிக்க அவருக்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. சில அலுவலகங்கள் இதை ஏற்கின்றன. சில இடங்களில் உரிமையாளர் கையெழுத்துத்தான் வேண்டும் என்கிறார்கள். சட்டம் ஒன்று, கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் வழக்கம் வேறு. அதோடு 2025 மே முதல், நாட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு வெளிநாட்டவரும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். தங்கப்போகும் முகவரியும் அதில் ஒரு கட்டம். எல்லையில் அவர் வாய்மொழியை நம்பி உள்ளே விட்ட அரசு, மறுநாள் அதே முகவரிக்கு இன்னொருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்கிறது.

இப்போது டி.எம்.30 படிவத்தையும் இணையத்திலும் செயலியிலும் கொடுக்கலாமே, பிறகென்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. வேலை சுலபமானது உண்மை. கடமை யாருடையது என்பது மட்டும் மாறவில்லை. கணக்குத் தொடங்க வேண்டியவர் வீட்டுக்காரர். அவருக்கு மனமில்லையென்றால் செயலி இருந்தென்ன, காகிதம் இருந்தென்ன. ஹோட்டல்கள் விஷயம் வேறு. அவற்றுக்கு உரிமம் உண்டு, வரவேற்பு மேசை உண்டு, பாஸ்போர்ட்டை நகலெடுப்பது அன்றாட வேலை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளும் ஹோட்டல்களிடம் வெளிநாட்டு விருந்தினரின் பதிவைக் கேட்கின்றன. தொழிலாகச் செய்பவரிடம் கேட்கலாம்; ஒரு அறையை வாடகைக்கு விட்ட குடும்பத்திடம் அதே வேகத்தில், அதே 24 மணி நேரக் கெடுவில் கேட்பதுதான் பொருந்தவில்லை. வெளிநாட்டவரைத் தனி ஏட்டில் வைத்திருந்த ஜப்பான், 2012 ஜூலையில் அந்த ஏட்டை மூடி அவர்களையும் உள்ளூர்க் குடியிருப்போர் பதிவேட்டிலேயே சேர்த்துவிட்டது; வீடு மாறினால் 14 நாளுக்குள் அவர்களே சொல்கிறார்கள். சுமார் 40 நாட்டவர் காவல்துறையில் பதிய வேண்டும் என்றிருந்த விதியை 2022 ஆகஸ்டில் பிரிட்டன் கைவிட்டது. விசா விண்ணப்பத்திலேயே இருக்கும் விவரத்தை மறுபடி கேட்பானேன் என்பது அதற்குச் சொன்ன காரணம்.

நம் ஊரிலும் இது உண்டு. ‘சி ஃபார்ம்’ என்றால் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் பதிவு அதிகாரிக்கு இணையம் வழியே தெரிவிக்க வேண்டும். 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம், கட்டணம் வாங்கித் தங்கவைப்பவர் மேல்தான் இந்தக் கடமையை வைத்தது. ஆனால் குடியேற்றத் துறையின் அறிவுறுத்தல்களில் ஹோட்டல், தர்மசாலை, மருத்துவமனை, பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு தனி வீடும் வரிசையில் வந்து நின்றது. கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து உறவினர் கல்யாணத்துக்கு வந்து திருச்சியில் சித்தப்பா வீட்டில் பத்து நாள் இருந்தால், சித்தப்பாவும் படிவம் நிரப்ப வேண்டியவர் என்று எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? 2025 செப்டம்பர் 1 முதல் பழைய நான்கு சட்டங்களுக்குப் பதிலாக வந்திருக்கும் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டமும் தங்கவைப்பவரின் கடமையை விடவில்லை. கல்வி நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் தனித்தனிப் பிரிவே வைத்திருக்கிறது. பெரிய ஹோட்டலுக்கு இது ஒரு பொருட்டில்லை. பத்து அறை லாட்ஜ்காரர்தான் கணக்குப் போடுகிறார்: பதிவு, பாஸ்வேர்டு, தாமதமானால் விசாரணை. இதற்கெல்லாம் ‘வெளிநாட்டுக்காரருக்கு ரூம் இல்லை’ என்று சொல்லிவிடுவது லேசு. சிகிச்சைக்காகச் சென்னைக்கு வரும் வங்கதேச நோயாளியின் துணையாளர்களும், குறைந்த செலவில் ஊர் சுற்றும் இளைஞர்களும் இந்தப் பதிலைக் கேட்டுப் பழகியவர்கள். விதிக்குப் பயந்து கதவைச் சாத்தும் ஒவ்வொரு லாட்ஜும், வந்தவரை எந்தப் பதிவேட்டிலும் ஏறாத இன்னோர் இடத்துக்கு அனுப்பிவைக்கிறது. அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள விரும்பிய அரசுக்குத்தான் அந்த இரவு அவருடைய முகவரி தெரியாமல் போகிறது.