அட்சய திருதியையும் அரைக் கிராம் தங்கமும்

சித்திரை அமாவாசையை அடுத்து வரும் வளர்பிறைத் திருதியை மகத்தான புண்ணிய தினம் என்பதில் ஐயமில்லை. வனவாசத்தில் தருமபுத்திரருக்குச் சூரிய பகவான் அட்சய பாத்திரம் அருளியதையும், குசேலர் ஒரு பிடி அவலுடன் துவாரகை சென்றதையும் இந்நாளோடு இணைத்துப் பெரியோர் சொல்வர். சிம்மாசலத்தில் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பிலேயே காட்சி தரும் வராக நரசிம்மர், இந்த ஒரு நாள் மட்டும் தம் நிஜரூபத்தைக் காட்டியருள்கிறார். பூரியில் ஜகந்நாதர் ரதங்களைச் செய்யும் பணி தொடங்குவதும் இன்றுதான். கும்பகோணத்திலோ பெரிய கடைத் தெருவில் பெருமாள்கள் வரிசையாகக் கருட வாகனத்தில் எழுந்தருள்வதைக் காணக் கண் கோடி வேண்டும்.

நம் வீடுகளில் அன்று என்ன செய்தார்கள்? தண்ணீர்க் குடம், விசிறி, குடை, தயிர்சாதம், பானகம், உப்பு ஆகியவற்றைத் தானமாகக் கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் வழிப்போக்கனுக்கு எது தேவையோ அதுவே தானமாயிற்று. கவனித்தால் ஒன்று விளங்கும்: இந்தப் பட்டியலில் இருப்பவை யாவும் வீட்டிலிருந்து வெளியே சென்ற பொருள்கள். தங்கம் வாங்கி உள்ளே வைப்பது இதில் இல்லை. எங்கள் இளமையில் அந்நாளில் நகைக்கடைக்குப் போனவர் எவரையும் நான் கண்டதில்லை. தமிழ்நாட்டில் இவ்வழக்கம் பரவியது ஏறத்தாழ கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில்தான். நாளிதழின் முழுப்பக்க விளம்பரமும் தொலைக்காட்சியும் அதைப் பரப்பின.

பொருள் அரிதானால் விலை ஏறும் என்பது சந்தை நியதி. மார்கழிப் பனியில் மல்லிகை வரத்துக் குறையும்போது தைமாத முகூர்த்தங்களில் அதன் விலை ஏறுவது இயல்பே. ஆனால் அட்சய திருதியையன்று தங்கம் அரிதாவதில்லை. மறுநாளும் அதே கடையில் அதே மோதிரம் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும். அப்படியானால் அன்று அரிதாக்கப்படுவது எது? காலம். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்று நேரம் குறித்து, விடியற்காலையில் கடையைத் திறந்து, டோக்கன் கொடுத்து, முன்பதிவும் வைத்தால், குவிந்து கிடக்கும் பொருள்கூடக் கிடைத்தற்கரியதாகத் தோன்றிவிடுகிறது.

மனித மனத்தின் இந்தப் போக்கை 1975இல் ஸ்டீபன் வொர்ச்செல் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஓர் எளிய சோதனையில் காட்டினார்கள். சிலருக்குப் பத்து பிஸ்கட்டுகள் உள்ள ஜாடியையும், வேறு சிலருக்கு இரண்டே பிஸ்கட்டுகள் உள்ள ஜாடியையும் நீட்டினார்கள். இரண்டு மட்டுமே இருந்த ஜாடியிலிருந்து எடுத்தவர்கள் அதையே அதிகம் விரும்பினார்கள். அதற்கே அதிக விலை பெறும் என்றும் மதிப்பிட்டார்கள். பிறரும் கேட்டு எடுத்துக்கொண்டதால் குறைந்துபோயிற்று என்று அறிந்தபோது ஆசை மேலும் கூடிற்று. வேடிக்கை என்னவென்றால், அது கூடுதல் ருசியுடன் இருந்ததாக மட்டும் யாரும் சொல்லவில்லை!

நகைக்கடை வாசலில் நிற்கும் வரிசை அந்தப் பாதி காலியான ஜாடியே ஆகும். இத்தனை பேர் நிற்கிறார்களே, ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. இரண்டு மணி நேரம் கால்கடுக்க நின்றவர் சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேட்டு வெறுங்கையுடன் திரும்புவாரா? பண்டிகை நாளில் விலை பேசுவதே அபசகுனம் என்ற கூச்சம் வேறு.

கணக்கைப் பார்ப்போம். எளிமைக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 கிராம் மோதிரத்தின் தங்க மதிப்பு 20,000. சேதாரம் 15 சதவீதம் என்றால் 3,000. செய்கூலி 700. ஆக 23,700; அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 711. மொத்தம் 24,411 ரூபாய். மறுநாளே விற்கப் போனால் எடைக்குரிய 20,000 கிடைத்தாலே அதிர்ஷ்டம். தங்கம் ஏறத்தாழ 22 சதவீதம் உயர்ந்த பிறகே போட்ட பணம் கைக்கு வரும். கிராமுக்கு 100 ரூபாய் தள்ளுபடி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். 2 கிராமுக்கு அது 200 ரூபாய்! சேதாரம் என்பது பொற்கொல்லர் பட்டறையில் அராவும்போதும் உருக்கும்போதும் சிதறிய பொன்னுக்கான ஈடு. இன்று பெரும்பாலும் இயந்திரமே வார்க்கிறது. சிதறல் குறைந்தது, சதவீதம் குறையவில்லை. இன்னொன்று: 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. "பேருக்கு ஒரு குந்துமணி" என்று வாங்கப்படுபவை பலவும் அந்த எடைக்குள்தான் அடங்குகின்றன.

வங்கி நாணயம் வாங்கலாமே என்பர் சிலர். நாணயத்தை விற்க வங்கிக்கு அனுமதி உண்டு. திரும்ப வாங்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருவதில்லை. இதைச் சொன்னபோது எத்தனையோ வாடிக்கையாளர்கள் எங்களை நம்பாமல் பார்த்தார்கள்.

முப்பதாண்டு வங்கிப் பணியில் நான் ஆண்டுதோறும் கண்ட காட்சி ஒன்றுண்டு. திருதியைக்கு முந்திய வாரம் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முறிக்க வருவார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும். அதே நகை, சில சமயம் கடைப் பெட்டியோடு, அடகுக் கவுண்ட்டருக்கு வரும். மதிப்பீட்டாளர் கல்லைக் கழித்து எடையை மட்டும் பார்ப்பார். ஒருமுறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண் அறுவை சிகிச்சைக்கென வைத்திருந்த வைப்பை முறிக்க வந்தார். மகளின் தலை திருதியை. சம்பந்தி வீட்டார் வளையல் வாங்கிவிட்டார்களாம். "நாம சும்மா இருந்தா பொண்ணுக்கு மதிப்பா சார்?" என்றார். வைப்பின்மீது கடன் தரலாம், வட்டி சற்றே கூடுதல், வைப்பு அப்படியே இருக்கும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அவர் வாங்கியது வளையல் அல்ல, சம்பந்திக்கு முன் தலைநிமிர்வு. பகட்டுக்காகச் செலவிடும் இவ்வியல்பை 1899இலேயே தார்ஸ்டைன் வெப்லென் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் நூலாக எழுதி வைத்தார். நம் தெருவுக்கும் அது பொருந்துகிறது.

"தங்கம் ஏறித்தானே இருக்கிறது?" என்ற கேள்வி நியாயமானதே. நீண்ட காலத்தில் ஏறியிருக்கிறது. அது தங்கத்தின் இயல்பு; திருதியையன்று வாங்கியதும் மறுநாள் வாங்கியதும் ஒன்றுபோலவே ஏறின. இறங்கிய காலமும் உண்டு: 2012இல் வாங்கியவர்கள் 2015இல் தாங்கள் கொடுத்ததைவிடக் குறைந்த விலையையே கண்டார்கள்.

பேத்தியின் கல்யாணத்துக்குச் சேர்க்க வேண்டியது நம் கடமை என்றால், கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை போகலாம். இரண்டு கடைகளில் சேதாரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவசரமில்லாதவரிடம் கடைக்காரரும் இறங்கி வருவார். திருதியையன்று காலையிலோ கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பானை நீர்மோர் வைக்கலாம். தயிர், இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு எல்லாம் சேர்த்தாலும் அந்த 200 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.