மலைவாழ் மக்களின் பெருநாள்கள்



கோடை விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்தோடு உதகைக்குப் புறப்படுவோர் நம்மில் பலர். தாவரவியல் பூங்காவில் மலர்க்காட்சியையும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்காட்சியையும் கண்டு, வர்க்கியும் தைலமும் வாங்கிக்கொண்டு மலையிறங்கி விடுகிறோம். 1896-ஆம் ஆண்டில் தொடங்கிய மலர்க்காட்சி 1995-இல் நூறாவது முறையாக நடைபெற்றது. ரோஜாப் பூங்கா அதன் நினைவாக எழுந்ததே. கண்டு மகிழத்தக்க விழாக்கள்தாம், ஐயமில்லை. ஆயினும் அவை வருவோருக்காக எடுக்கப்படும் விழாக்கள். அம்மலையில் வாழ்வோர் தமக்கெனக் கொண்டாடும் நாள்களை நாம் அறிவோமா?

அந்நாள்களுள் முதன்மையான சில, உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களை ஒட்டி வருகின்றன. தோடர் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். உதகையை அடுத்த முத்தநாடு மந்தில் அவர்கள் ஒன்றுகூடி 'மொற்பர்த்' பண்டிகையைக் கொண்டாடுகின்றனர். கூம்புபோல் உயர்ந்து நிற்கும் 'மூன்போ' என்னும் புல் வேய்ந்த கோவிலில் ஆடவர் மட்டுமே வழிபடுவர். பின்னர் இளைஞர்கள் பெருங்கல்லைத் தோளில் ஏற்றித் தம் வலிமையைக் காட்டுவர். அவர்கள் போர்த்தும் வெண்ணிறப் போர்வையில் கறுப்பும் சிவப்புமாகப் பெண்கள் செய்யும் பூவேலை 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

படகர் வாழும் ஊர் 'ஹட்டி' எனப்படும். கோத்தகிரிக்கு அருகிலுள்ள பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளுடை அணிந்து அவர்கள் திரள்கின்றனர். 'ஹெத்தை' என்ற சொல்லுக்குப் பாட்டி என்பதே பொருள். கோத்தர்களோ தம் கோக்கால்களில் கம்பட்டராயருக்கு விழா எடுத்து, கொம்பும் குழலும் பறையும் முழங்க ஆடுகின்றனர்.

இம்மக்கள் ஒருவரையொருவர் சார்ந்தே வாழ்ந்தவர்கள். கோத்தர் இரும்புக் கருவியும் மட்கலமும் செய்து தந்தனர். தோடர் நெய் தந்தனர். படகர் தானியம் அளந்தனர். குறும்பர் காட்டிலிருந்து தேன் கொணர்ந்தனர். ஒருவர் வீட்டு இறப்புக்கு மற்றவர் வந்து இசை முழங்கினர். கடைவீதியும் காசும் பெருகிய பின்னர், இருபதாம் நூற்றாண்டில் அக்கொடுக்கல் வாங்கல் தளர்ந்தது.

நம் பெருநாளும் அம்மலைக்கு உரியதே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நீலகிரி மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் முஸ்லிம். மற்றப் பண்டிகைகள் பருவத்தோடு நிலைத்திருக்க, நம் பெருநாள் பிறையைத் தொடர்ந்து ஏறக்குறைய முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2000-ஆம் ஆண்டில் ஜனவரிக் குளிரில் வந்த நோன்புப் பெருநாள், 2016-இல் ஜூலை மாத மழைக்காலத்தில் வந்தது. மேகமும் மூடுபனியும் வானை மறைக்கும் அம்மழைக்காலத்தில், பிறை கண்ட செய்திக்காக மலைமக்கள் சமவெளியை எதிர்நோக்குவர். கீழே இருப்பவரின் கண் மேலே இருப்பவருக்கு உதவுகிறது!

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தோடரின் வழிபாடு எருமையையும் பாலையும் சார்ந்தது. அவர்களது கோவிலே பால்மனைதான். எருமைக்கு வேண்டியது புல்வெளி. அப்புல்வெளிகளில் பெரும்பகுதியைத் தேயிலையும் கற்பூர மரமும் சீகையும் கொண்டுவிட்டன. மந்தைகள் சுருங்கின. கோவிற்கூரை வேயச் சதுப்பு நிலத்திலிருந்து கொணரும் புல்லும் அரிதாகி வருகிறது. புல் அழிந்தால் கோவில் எங்கே? எருமை இல்லையேல் பண்டிகை எங்கே? பிறர் மண்ணில் நாம் நட்ட மரம் அவர்களது பெருநாளை விழுங்கலாமா?

மலை தாங்கும் அளவுக்கு மேல் மக்கள் செல்வதால், 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் வாகனங்களுக்கு மின்னனுமதிச் சீட்டு முறை வந்தது. அது சட்டத்தின் கட்டளை. அதற்கும் மேலான கடமை ஒன்று நமக்கு உண்டு. மனிதகுலம் பல கிளையினராக ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே எனத் திருமறை நமக்கு உணர்த்தவில்லையா? அண்டை வீட்டார் உரிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள்!

ஆகவே அடுத்த முறை மலையேறும்போது, அழைப்பின்றி மந்துக்குள் நுழையாதீர்கள்; கேளாமல் படம் எடுக்காதீர்கள்; புல்வெளியில் குப்பையை விட்டு வராதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பூக்களின் பெயரோடு அம்மக்களின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். விருந்தினராகச் சென்றவர் வீட்டாரை அறியாமல் திரும்புவது முறையாகுமா?